ஆணியில் மாட்டிய பழுப்பு பேண்ட்

என் அக்கா வீட்டுக்காரரை எல்லாரும் ‘டேப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தது அக்காவும் நானும் மட்டும்தான். அக்காவைக் கேட்டால் அதுவும் சந்தேகம் என்பாள். மாடியில் அவருடைய தையல் கடை. நேர் கீழே, படிக்கட்டுக்கு அடியில், என்னுடைய ஜெராக்ஸ் கடை. நடுவில் பதினெட்டுப் படிகள். ஒன்பதாவது படியில் அவர் நின்று மூச்சு வாங்குவது என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

“என்ன அத்தான், பாதி வழியில பஸ் நின்னுடுச்சா?” என்று கீழேயிருந்து குரல் கொடுப்பேன்.

“டீசல் போட்டுட்டு வருது. நீ உன் வேலையப் பாரு மச்சான்” என்பார்.

இப்படித்தான் ஆறேழு வருடம் கேலி செய்துகொண்டிருந்தேன். அந்தப் படியில் அவருக்கு உண்மையிலேயே மூச்சு முட்டியது என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

அத்தான் பிறவிக் குண்டர் இல்லை. கல்யாண போட்டோவில் சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடவேண்டும். இருபது வயதில் யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பிறகு அக்காவும் அவரும் சேர்ந்து சொந்தக் கடை. அளப்பதும் வெட்டுவதும் அவர்; தைப்பதும் பிரிப்பதும் அக்கா. ஒரு முழ நீளத்துக்கு ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தார். பிடி தேய்ந்து அவர் விரல்களுக்கென்றே வளைந்திருந்தது. அதில் நூல் வெட்ட அக்காவுக்குக்கூட உரிமை கிடையாது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். பெருத்த ஆட்களை அளக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லமாட்டார். “முப்பத்தாறு” என்று சத்தமாகச் சொல்வார். சீட்டில் முப்பத்தாறு என்றே எழுதி, பக்கத்தில் மூன்று புள்ளி வைப்பார். ஒரு புள்ளிக்கு ஓர் அங்குலம். துணி முப்பத்தொன்பதுக்குத் தயாராகும். வந்தவர் “பரவாயில்லையே, ஏறவே இல்ல” என்று குஷியாகப் படி இறங்கிப் போவார்.

“இது பொய் இல்லையா அத்தான்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வாயில பொய், சீட்டுல உண்மை. துணி சரியா உக்காந்தா போதாதா? மனசு நோகாம அனுப்பறதும் தையல்ல ஒரு பாகம்தான்டா” என்றார்.

தன்னை மட்டும் அவர் அளந்துகொள்ளமாட்டார். தன்னைத்தானே அளக்கிற தையல்காரனின் டேப் அவன் பக்கம்தான் சாயும் என்பது அவர் கட்சி. பெல்ட்டும் கட்டமாட்டார். பெல்ட் கட்டுவது, தைத்தவன் மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்வதாம்.

விஷயம் ஆரம்பித்தது ஒரு பகல் பதினொரு மணிக்கு. ஒரு வங்கி மேனேஜரின் கோட்டுத் துணியை மேசையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தவர், நின்றபடியே தூங்கிவிட்டார். கத்தரிக்கோல் தன்பாட்டுக்குப் போய் மார்புத் துணியைக் குறுக்கே கிழித்து, இடது கட்டைவிரலில் வந்து நின்றது. அக்கா போட்ட சத்தத்தில் நான் படியை மூன்று மூன்றாகத் தாண்டி ஓடினேன். துணியெல்லாம் ரத்தம். அத்தான் அதைப் பார்க்காமல் “மேனேஜருக்கு என்ன பதில் சொல்வேன்” என்று முனகிக்கொண்டிருந்தார்.

தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். காத்திருக்கும் அறையில் கைப்பிடி இல்லாத அகலமான பெஞ்ச் ஒன்று இருந்தது. அத்தான் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வேறு எங்கே போனாலும் “உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சு” என்று நின்றுகொண்டே இருப்பவர். கைப்பிடி நாற்காலியில் ஒருமுறை மாட்டிக்கொண்டு எழ முடியாமல் தவித்தாராம். இதை அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்குச் சொன்னார். எனக்கு என் பஸ் ஜோக்குகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா விரலில் நான்கு தையல் போட்டார். போட்டு முடித்துவிட்டு, “நீங்க சம்மதிச்சா உங்க எடையப் பத்தியும் தூக்கத்தப் பத்தியும் கொஞ்சம் பேசலாமா? இன்னைக்கு வேணாம்னா இன்னொரு நாள் பேசிக்கலாம்” என்றார்.

அத்தான் முழித்தார். “பேசலாமான்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான் டாக்டர். மத்தவங்க நேரா திட்டத்தான் செய்வாங்க.”

டாக்டர் டேப்பை எடுத்துக் கழுத்தை அளக்கப் போனார். இவர் கையை நீட்டித் தடுத்தார். “அது இழுபட்ட டேப் டாக்டர். கால் அங்குலம் குறைச்சுக் காட்டும். இந்தாங்க” என்று தன் கழுத்திலிருந்ததைக் கொடுத்தார். பதினேழரை அங்குலம். குறட்டை உண்டா என்று டாக்டர் கேட்டார். அக்கா இரண்டு வருடமாக முன் அறையில் படுப்பதை நான்தான் போட்டு உடைத்தேன்.

கழுத்தில் சதை சேர்ந்தால் தூங்கும்போது மூச்சு போகிற வழி அமுங்கும் என்றார் டாக்டர். “ராத்திரி மூச்சு நின்னு நின்னு வரும். தூங்கின மாதிரி இருக்கும், ஆனா தூங்கியிருக்கமாட்டீங்க. அதான் பகல்ல கண்ணு சொருகுது. பெரிய ஆஸ்பத்திரியில இதுக்கு ஒரு பரிசோதனை இருக்கு, எழுதித் தர்றேன். இடம் கிடைக்க அஞ்சு மாசம் ஆகும். அதுவரைக்கும் கத்தரிக்கோலத் தொடாதீங்க. வண்டியும் ஓட்டாதீங்க.”

“கத்தரிக்கோலத் தொடாம நான் எப்படி டாக்டர்?”

“முதல்ல ஆறேழு கிலோ குறைக்கப் பாக்கலாம். அதுலயே தூக்கம் கொஞ்சம் நேராகலாம். பகல்ல சொருகறது நின்னா, கத்தரிக்கோல் பேச்சை மறுபடி எடுப்போம். இது சோம்பேறித்தனமும் இல்ல, நான் குடுக்கற தண்டனையும் இல்ல. மெதுவாத்தான் போகும்.”

பிறகு என்ன சாப்பிடுகிறார், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், மனசு எப்படி இருக்கிறது, என்ன மாத்திரை போடுகிறார் என்றெல்லாம் கேட்டார். துணித் தூசுக்கு வருகிற தும்மலுக்காகப் பல வருடமாக இவர் தினமும் ஒரு மாத்திரை போட்டுவந்தார். அது தூக்கமும் கொடுக்கும், பசியும் கொடுக்கும் என்று சொல்லி வேறு எழுதிக்கொடுத்தார். ஒன்பது டீ ஐந்தாகவேண்டும், சர்க்கரை பாதியாகவேண்டும். வேலை மேசையில் பிஸ்கட் மெல்லக்கூடாது. சாப்பிட்டதும் தெருவை இரண்டு சுற்று நடக்கவேண்டும். மாதம் ஒருமுறை வந்து எடை பார்க்கவேண்டும்.

எடை மெஷினில் மட்டும் அத்தான் ஒரு நிபந்தனை போட்டார். முதுகைக் காட்டித்தான் நிற்பார். நர்ஸ் எண்ணைச் சொல்லக்கூடாது. நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார். எண் அட்டையில் ஏறியது, அத்தானின் காதில் விழவில்லை.

திரும்பி வரும்போது, “டாக்டரம்மா நல்லவங்க. ஆனா தையலப் பாத்தியா மச்சான்? நாலும் நாலு இடைவெளி” என்றார்.

அன்றைக்கே அக்கா கத்தரிக்கோலைக் கடை பீரோவில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் முதல் அத்தான் சாக்பீஸால் கோடு போடுவார், கோட்டின் மேலேயே அக்கா சின்னக் கத்தரிக்கோலால் வெட்டுவாள். அவள் வெட்டும்போது இவருடைய வலது கை மேசை விளிம்பில் தானாகத் திறந்து மூடும். “வளைவுல கைய எடுக்காத, எடுக்காதன்னு சொல்றேன்ல!” என்று கத்துவார். “அப்ப நீங்களே வெட்டுங்க” என்பாள் அவள், வாய் தவறி. கோடு மட்டும் போடுகிற மாஸ்டர், சாவி மட்டும் வைத்திருக்கிற டிரைவர். அது அவரை உள்ளுக்குள் தின்றது.

அதனால் வைராக்கியமாக இறங்கினார். டீ ஐந்தானது. பிஸ்கட் டின் என் கடைக்கு வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. சாப்பிட்டதும் இரண்டு சுற்று நடந்தார், மூன்றாவது மாதத்தில் அதுவே ஆறு சுற்றானது.

எடை இறங்குகிறதா என்று பார்க்க அவர் கண்டுபிடித்த தராசு ஒரு பழுப்பு பேண்ட். ஆறு வருடத்துக்கு முன், அக்காவைத் தொடவிடாமல், பழைய பேண்ட் ஒன்றின் அளவை வைத்துத் தானே வெட்டித் தைத்தது. “மெஷின் பொய் சொல்லும், மனுஷன் பொய் சொல்லுவான். நான் தைச்ச பேண்ட் சொல்லாது” என்றார். துணி மாற்றிப்பார்க்கிற திரைக்குப் பின்னால் இருந்த ஒரே ஆணியில் அதை மாட்டிவைத்தார். திங்கட்கிழமை தோறும் அக்கா வருவதற்கு முன்னால் மேலே போய், போட்டுப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டு, என் கடைக்கு வந்து அறிக்கை வாசிப்பார். பொத்தான் போட்டபின் இடுப்பில் இரண்டு விரல் நுழையவேண்டும் என்பது இலக்கு.

“ஒரு விரல் போகுது மச்சான். ரெண்டாவது நிக்குது.”

அடுத்த வாரமும் ஒரு விரல். அதற்கடுத்த வாரமும் ஒரு விரல்.

இரண்டாவது மாதம் கிளினிக்குக்குப் போனோம். முதுகைக் காட்டி நின்றார். டாக்டர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். “நல்லா போகுது. அப்படியே தொடருங்க.” மூன்றாவது மாதம், “ரொம்ப நல்லா போகுது. நம்பர் சொல்லட்டுமா?” என்றார். இவர் காதைப் பொத்தாத குறையாக வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் முகம் தொங்கிப்போயிருந்தது. “பாத்தியா? புள்ளி வைக்கிறாங்க.”

“என்ன புள்ளி?”

“நான் வைக்கிற புள்ளிதான். வாயில ஒண்ணு, அட்டையில ஒண்ணு. மனசு நோகாம அனுப்பறாங்க. முப்பது வருஷமா நான் பண்ணற வேலை, எனக்குத் தெரியாதா?”

எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் எதற்குப் பொய் சொல்லப்போகிறார்? ஆனால் பேண்ட் எதற்குப் பொய் சொல்லப்போகிறது? ஒன்பதாவது படியில் இப்போது அவர் நிற்பதில்லை. அதைச் சொன்னால் மழைக்காலம், காற்று குளிர்ச்சி என்றார். பகலில் கண் சொருகவில்லையே என்றால், கத்தரிக்கோல் இல்லாத கவலையில் எவனுக்குத் தூக்கம் வரும் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். கடைசியில், பேண்ட் சுருங்குகிறதோ என்றுகூட இருவரும் பேசினோம். மாதக்கணக்காகத் தண்ணீரே படாத துணி எப்படிச் சுருங்கும்? இரண்டு வளர்ந்த ஆண்கள் ஜெராக்ஸ் மெஷினைச் சுற்றி நின்று, ஒரு பேண்டைப் பற்றித் தலை எது வால் எது என்று புரியாமல் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம்.

நான்காவது மாதம் கிளினிக்குக்குப் போகவேண்டிய திங்கட்கிழமை. மேலே போனவர் வெகுநேரம் கீழே வரவில்லை. போய்ப் பார்த்தேன். பழுப்பு பேண்டை மேசையில் குப்புறப் போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

“நான் வரல மச்சான். நாலு மாசம் நாய் மாதிரி நடந்தேன். பாதி வயித்துக்குத் தின்னேன். அதே ஒரு விரல். இந்த உடம்பு என் பேச்சக் கேக்காது. கம்பெனியில என்கிட்ட வேலை கத்துக்கிட்ட ஒருத்தன் சும்மா இருக்கான், அவனைக் கூப்பிட்டு கட்டிங்க ஒப்படைக்கப்போறேன். அந்தக் கத்தரிக்கோலையும் அவன்கிட்டயே குடுத்துடறேன். பீரோவுல கெடந்து துரு ஏறறதுக்கு அவனாவது வெட்டட்டும்.”

“இப்ப இதை எதுக்குப் பிரிக்கப்போறீங்க?” என்றேன், அவர் கையிலிருந்த பிளேடைப் பார்த்து.

“இனிமே இப்படித்தான்னு ஆயிடுச்சு. பின்தையல்ல ரெண்டு பக்கமும் உள்ள மிச்சத் துணி விட்டுத்தான் தைச்சேன். அதைப் பிரிச்சு இடுப்ப அகலமாக்கி நிம்மதியா போட்டுக்கறேன்.”

பின் இடுப்பில் பிளேடை ஓட்டினார். நான்கைந்து தையல் அறுந்தது. அறுந்ததும் அவர் கை நின்றது. துணியைத் திருப்பினார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

“என்ன அத்தான்?”

“இது என் தையல் இல்ல.”

அவர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே துணியில் ஊசி போன துளைகள், வரிசை வரிசையாக. ஒரு வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. அவர் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டார். “இது நான் தைச்சது, நாப்பத்திரண்டு. இதுக்கு வெளிய ஒண்ணு… ரெண்டு, மூணு, நாலு. நாலு தடவ இடுப்ப அகலமா விட்டிருக்கு. எப்ப விட்டாங்க? யாரு விட்டாங்க?” விரல் வந்த வழியே திரும்பியது. “அப்புறம் அங்கேருந்து திரும்ப உள்ள. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு… அஞ்சு தடவ இறுக்கிப் பிடிச்சிருக்கு. மச்சான், எனக்கு ஒண்ணும் புரியல. நான் தைச்ச அளவவிட அரை அங்குலம் உள்ள இருக்கு. அப்ப இதுக்குள்ள எப்படி நான் போறேன்?”

அக்கா அப்போதுதான் சாவிக்கொத்தோடு உள்ளே வந்தாள். பிரித்துக் கிடந்த பேண்டைப் பார்த்தாள். “ஐயோ, அதை ஏன் பிரிச்சீங்க? போன வாரம்தானே பிடிச்சேன்!”

“நீயா?”

“பின்ன யாரு? வாராவாரம் ஆணியில மாட்டிவைக்கறீங்களே.”

அந்தக் கடையில் ஆணியில் தொங்குகிற துணி என்றால் ஆல்ட்டர் பண்ணவேண்டிய, அதாவது பிடிக்கவோ விடவோ வேண்டிய துணி. சீட்டு குத்தியிருந்தால் வாடிக்கையாளருடையது, சீட்டு இல்லாவிட்டால் வீட்டுத் துணி. அக்கா எதுவும் கேட்கமாட்டாள். ஆளை ஒரு பார்வை பார்ப்பாள், அந்த அளவுக்குத் தைத்துவிடுவாள். முப்பது வருடமாக அதுதான் அவள் வேலை; வெட்டுகிற மேசையை விட்டு நகராத இவர் அந்தப் பக்கம் கவனித்ததே இல்லை. ஆணி இவருக்குப் பேண்ட் மாட்டுகிற இடம், அவளுக்கு வேலை காத்திருக்கிற இடம்.

“நான் அதைப் போட்டுப்பாக்கறதுக்கு வச்சிருந்தேன்! இளைக்கிறேனா இல்லையான்னு பாக்க! நாலு மாசம்… நாலு மாசம் என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டியே!”

“எனக்கென்ன தெரியும்? நீங்க போட்டிருக்கிற பேண்டெல்லாம் வழியுது. சொல்ல வெக்கப்பட்டு மாட்டிவைக்கறீங்கன்னு நெனச்சேன். பெல்ட்டும் கட்டமாட்டீங்க. ஆளுங்க முன்னாடி பேண்டப் பிடிச்சுக்கிட்டா நிப்பீங்க? எல்லாத்தையும்தான் பிடிச்சேன்.”

“அப்ப வெளிய விட்டிருக்கே நாலு? அது?”

“அது நீங்க பெருத்தப்ப.”

ஆறு வருடம். ஒவ்வொரு முறை இடுப்பு இறுகும்போதும் இவருக்குத் தெரியாமல் அரை அங்குலம், அரை அங்குலமாக விட்டிருக்கிறாள். அவர் பேண்ட் அவரை ஒருநாளும் இறுக்கியதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் வயிறே தெரியாமல் போயிருக்கிறது.

அத்தானின் குரல் இறங்கிவிட்டது. “பெருத்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அக்கா பேண்டை எடுத்து மடித்தாள். மடித்தபடியே, “இங்க வர்றவங்க யார்கிட்டயாவது நீங்க சொல்லியிருக்கீங்களா?” என்றாள்.

அவர் பிளேடை எடுத்து ஊசிப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

அன்று மூவருமாக கிளினிக்குக்குப் போனோம். எடை மெஷினில் ஏறிய அத்தான், முதுகைக் காட்டித் திரும்பப் போய், பாதியில் நின்று, முன்பக்கம் திரும்பினார். “சத்தமாச் சொல்லுங்க சிஸ்டர்.”

“நூத்து மூணரை.”

“முதல் நாள்?”

“நூத்துப் பன்னெண்டு.”

அவர் கீழே குனிந்து மெஷினையே பார்த்தார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. தெரியாத ஊரில் தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டது போல விழித்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் பேண்ட் கதையை நான்தான் சொன்னேன். டாக்டர் சிரிக்காமல் கேட்க முயன்று தோற்றுப்போனார். பிறகு பகல் தூக்கத்தைப் பற்றிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். குறட்டை எப்படி என்றதும் அக்காவிடம் திரும்பினார்.

“குறைஞ்சிருக்கு டாக்டர். மூணு வாரமா நான் உள்ளதான் படுக்கறேன்” என்றாள் அக்கா.

“எப்ப வந்த? எனக்குத் தெரியாதே?” என்றார் அத்தான்.

“நீங்க தூங்கிட்டிருந்தீங்க.”

காலை வேளையில் மட்டும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது வெட்டலாம் என்றார் டாக்டர். கண் கனத்தால் உடனே நிறுத்தவேண்டும். பரிசோதனையையும் தவறவிடக்கூடாது. எடை சில மாதம் நிற்கும், சில மாதம் ஏறவும் செய்யும், அப்போதும் வரவேண்டும் என்றார். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாதிதான் காதில் ஏறியிருக்கும்.

கடைக்குத் திரும்பியதும் அக்கா பழுப்பு நிறத்தில் ஒரு புதுத் துணியை எடுத்து மேசையில் போட்டாள். அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். “கையத் தொங்கப்போடுங்க. வயித்த உள்ள இழுக்காதீங்க, எனக்குத் தெரியும்.” சட்டைக்குத் துணி கொடுக்க வந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி, “நாப்பத்தொண்ணரை” என்று சத்தமாகச் சொன்னாள். சீட்டில் எழுதி அவரிடம் நீட்டினாள்.

அத்தான் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். எண்ணுக்குப் பக்கத்தில் விரலால் தேய்த்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“புள்ளி எங்க?”

“இல்ல” என்றாள் அக்கா. பீரோவைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி துணியின் மேல் வைத்தாள்.